பிரேசில் நிலப்படத்தில் துப்பிப் பெயர்கள்: மண்ணின் மக்கள் விட்டுச்சென்றவையா, வந்தேறியவர்கள் சுமந்துசென்றவையா?

1. நீர்வழி:

பிரேசில் நாட்டு நிலப்படத்தை விரித்து வைத்து, அதிலுள்ள ஆறுகளின் பெயர்களுக்கும் ஊர்களின் பெயர்களுக்கும் பொருள் தேடுவது சில மாதங்களாக எனக்கு வழக்கமாகிவிட்டது. போர்த்துகீசியக் கப்பல்கள் 1500-இல் அந்தக் கரையைத் தொட்டபோது, கடலோரத்தில் நெடுந்தொலைவுக்கு வழங்கிய மொழி துப்பி. அதன் பழைய வடிவத்தைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று ஒருவரும் இல்லை. ஆனால் படத்தில் விரல் வைக்குமிடமெல்லாம் அதன் சொல்தான் அகப்படுகிறது.

துப்பியில் நீருக்கும் ஆற்றுக்கும் பெயர் ஒரே ஓர் உயிரொலி. அது இகரமும் அன்று, உகரமும் அன்று. இதழைக் குவிக்காமல் 'காசு', 'பாட்டு' என்று நாம் முடிக்கும்போது எழும் குற்றியலுகரத்துக்கு நெருங்கிய ஒலி. அந்த ஒலி இல்லாத போர்த்துகீசியர் அதைச் சில இடங்களில் இகரமாகவும் சில இடங்களில் உகரமாகவும் எழுதிவைத்தார்கள். இகுவாசு என்றால் பெருநீர். இபிரங்கா என்றால் செந்நீர். உபெராபா என்றால் மின்னும் நீர். 'பரா' என்பது கடல். அது ஒரு மாநிலத்தின் பெயர். 'பரனா' என்பது கடல் போன்ற பேராறு; அது இன்னொரு மாநிலத்தின் பெயர். செர்ஜிபே மாநிலத்தின் பெயரில் வேற்றுமை உருபுகூட உதிராமல் நிற்கிறது: 'சிரி' நண்டு, அதன்பின் ஆறு, இறுதியில் 'பே' என்னும் இடப்பொருள் உருபு. நண்டாற்றின்கண் என்று நம் பழைய உரைகாரர்கள் எழுதியிருப்பார்கள்.

1822 செப்டம்பர் 7 அன்று இளவரசர் பெத்ரோ விடுதலையை அறிவித்தது இபிரங்கா ஓடையின் கரையில். அந்நாட்டின் தேசியப் பண் தொடங்குவதும் அந்த ஓடையின் பெயரைச் சொல்லித்தான். ஒரு மொழியை வாயிலிருந்து அகற்றிய நாடு, தன் பிறப்பைச் சொல்ல அதே மொழியின் சொல்லை நாடவேண்டியிருக்கிறது. வென்றவர்களால் அழிக்க முடியாமற்போன, மண்ணின் மக்கள் தம் கையால் எழுதிவைத்த ஆவணம் இந்தப் பெயர்கள் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் அறிய விரும்புகிறேன்.

2. பழுவூரான்:

மறுப்பு இருக்கிறது, நீர்வழி. நீங்கள் காட்டிய சான்றுகளில் பல கடலோரத்தைச் சேர்ந்தவை. அவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. ஆனால் 'நிலப்படத்தில் விரல் வைக்குமிடமெல்லாம்' என்று எழுதினீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. துப்பி மக்கள் பிரேசில் முழுவதும் வாழ்ந்தவர்கள் அல்லர். மினாஸ் ஜெராய்ஸ், கோயாஸ் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் பெரும்பாலும் வாழ்ந்தவர்கள் ஜே குடும்பத்தையும் அதற்கு உறவான குடும்பங்களையும் சேர்ந்த மொழிகளைப் பேசியவர்கள். அப்படியிருக்க, அங்கேயும் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் துப்பிப் பெயர் எப்படி வந்தது? பிரேசில் அறிஞர் தியோடோரோ சம்பாயோ 1901-இலேயே இதற்கு விடை எழுதிவிட்டார்: சாவோ பாவுலோவிலிருந்து பொன்னையும் அடிமைகளையும் தேடி உள்நாட்டுக்குள் புகுந்த படையணிகள், அதாவது பந்தெய்ராந்தெகள், தாம் பேசிய துப்பியில் வழிநெடுகப் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களிடம் எவரும் பெயர் கேட்கவில்லை.

கோயாசுக்குள் புகுந்த பார்த்தோலோமெயு புவேனோ என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் சாராயத்தை ஊற்றிக் கொளுத்திக் காட்டி, பொன் இருக்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் உங்கள் ஆறுகளையும் இப்படியே எரித்துவிடுவேன் என்று அவர் மிரட்டியதாக ஒரு கதை உண்டு. அதனால் அவருக்குக் கிடைத்த பட்டம் 'அஞ்ஞங்குவேரா', பழம்பேய். அது துப்பிச் சொல்தான். இன்று சாவோ பாவுலோவிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலைக்கு அதுவே பெயர். இதையும் மண்ணின் மக்கள் தம் கையால் எழுதிவைத்த ஆவணம் என்பீர்களா?

தோசெ ஆற்றங்கரையிலுள்ள இபித்துருனா மலையையும் பாருங்கள். கருமலை என்பது அப்பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள், பெயர் துப்பி. அந்த ஆற்றங்கரையில் வாழும் கிரெனாக் மக்களின் மொழியோ துப்பிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆற்றை அவர்கள் 'வத்து' என்று அழைக்கிறார்கள். 2015 நவம்பரில் மரியானாவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து சேறு அந்த ஆற்றில் இறங்கியபோது, வத்து இறந்துவிட்டது என்று அவர்கள் துக்கம் காத்தார்கள். வெளியுலகில் பலர் அப்பெயரை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். நிலப்படத்தில் ஆற்றுக்குப் போர்த்துகீசியப் பெயர், மலைக்குத் துப்பிப் பெயர். அங்கேயே இருப்பவர்களின் சொல்லுக்கு இடமில்லை.

இனங்களின் பெயர்களிலும் இதே கதைதான். நம்பிக்வாரா என்றால் துப்பியில் 'காதில் துளை உடையவர்'. அது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அன்று. கயப்போ என்று நூல்களில் வருபவர்கள் தம்மை மெபெங்கோக்ரே என்கிறார்கள். துப்பி பேசாத எல்லாரையும் சேர்த்து 'தப்புயா' என்று ஒரே மூட்டையாகக் கட்டியதும் துப்பிதான், அதைப் பிடித்துக்கொண்ட போர்த்துகீசியரும்தான்.

3. கயல்:

வேலை காரணமாகச் சில ஆண்டுகளாகச் சாவோ பாவுலோவில் வசிப்பவள் என்ற முறையில் இடையே நுழைகிறேன். பழுவூரான் ஐயா சொன்ன செய்திகள் சரி. ஆனால் 'பந்தெய்ராந்தெகள் துப்பியில் பெயர் வைத்தார்கள்' என்று எழுதிவிட்டு, அவர்கள் ஏன் துப்பி பேசினார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

1554 சனவரி 25 அன்று இயேசு சபையினர் இந்நகரத்தைத் தொடங்கியபோது அதன் பெயர் பிராத்தினிங்காவின் சாவோ பாவுலோ. பிராத்தினிங்கா என்றால் மீன் காய்கிற இடம், நம் கருவாட்டுக் களம் போல. வந்த போர்த்துகீசியரில் பெண்கள் மிகச் சிலர். பிள்ளைகள் துப்பித் தாய்களின் மடியில் வளர்ந்தார்கள். 1694-இல் பாதிரியார் அந்தோனியோ வியெய்ரா, சாவோ பாவுலோக் குடும்பங்களில் வீட்டில் பேசப்படுவது இந்தியர்களின் மொழியே என்றும், போர்த்துகீசியத்தைச் சிறுவர்கள் பள்ளிக்குப் போய்த்தான் கற்கிறார்கள் என்றும் எழுதினார். 1697-இல் பெர்னம்புக்கோ ஆயர், தொமிங்கோஸ் ஜோர்ஜெ வெல்லோ என்ற படைத்தலைவரைச் சந்தித்தபோது இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். ஆயர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். அந்தத் தலைவர் மீது அவருக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. இருந்தாலும் நிலைமை விளங்குகிறது. அவர்கள் பேசியது ஆட்சிக்காக அகராதி பார்த்துக் கற்ற மொழி அன்று; தாய்மொழி. அந்தத் தாய் எப்படி அந்த வீட்டுக்கு வந்தாள் என்பது தனிக் கொடுமை, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அவள் பிள்ளை இட்ட பெயரில் அவளுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. ஊர்ப்பெயர்களில் மட்டும் பார்வையை நிறுத்தாதீர்கள். அன்றாடப் பேச்சைக் கவனியுங்கள். சோளப்பொரி இங்கே 'பிப்போகா', தோல் வெடிப்பது. சின்னம்மை 'கத்தப்போரா', அதில் 'தத்தா' என்னும் நெருப்பு ஒளிந்திருக்கிறது. புல் 'கப்பிம்', முதலை 'ஜக்கரே'. விரலால் ஒருவரைச் சீண்டுவது, மழை கொட்டித் தீர்ப்பது, கஞ்சி காய்ச்சுவது எல்லாவற்றுக்கும் துப்பிச் சொல் உண்டு. என் அலுவலகத்தில் ஒருவர் ஓயாமல் நச்சரித்தால் 'ஞெஞெஞெம்' என்பார்கள். 'ஞெஎங்' என்றால் துப்பியில் பேசுதல். எந்தப் படைத்தலைவனும் அலுவலகத்தாரும் சோளப்பொரிக்குப் பெயர் சூட்டி ஆணை பிறப்பிக்கவில்லை. அந்தச் சொற்கள் அடுக்களையிலிருந்து வந்தவை.

4. பழுவூரான்:

சகோதரி கயல், அடுக்களைச் சொற்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பெயர்ச்சொல்லும் இடப்பெயரும் ஒரே வழியில் பயணம் செய்வதில்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. கஞ்சிக்கான சொல் வாயிலிருந்து வாய்க்குப் போகும். இடப்பெயரோ நிலப்படம் வரைபவனின் மையில் போகும். வரைபவன் யார் என்று கேட்டே ஆகவேண்டும்.

அந்த மையில் எழுதியவர்களில் அரசாங்கமும் ஒன்று. ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்த குழப்பத்தைத் தீர்க்க 1943-இல் வந்த ஆணைச்சட்டம், புதிய பெயர் வைக்கும்போது பழங்குடி மொழிப் பெயர்களை ஏற்பது நல்லது என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 1937-இல் சாவோ பாவுலோ மாநிலத்தின் வடமேற்கில் உருவான ஊருக்கு வோத்துப்பொரங்கா, அழகிய காற்று, என்று பெயர். அந்த ஊரில் துப்பி பேசும் வாய் ஒன்றுகூட இருந்திருக்காது. பேரரசர் இரண்டாம் பெத்ரோவின் காலத்தில் பிரபுப் பட்டங்களுக்குத் துப்பிப் பெயர் சூட்டுவதே பெருவழக்காக இருந்தது. விடுதலைக் காலத்தில் பிரான்சிஸ்கோ கோமெஸ் பிரந்தாவோ என்ற அரசியல்வாதி, ஜே அக்காயாபா மொண்டெசுமா என்று தம் பெயரையே மாற்றிக்கொண்டார். அதில் ஒரு பகுதி மெக்சிகோப் பேரரசனின் பெயர் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை போலும்.

உலகறிந்த இபனேமாக் கடற்கரைக்கு வருவோம். 'மீன் அகப்படாத நீர்' என்று பொருள் சொல்லி, அங்கே கடல் வளமற்றிருந்தது என்று பயண இதழ்கள் எழுதுகின்றன. ரியோவின் அந்தப் பகுதியில் துப்பி மக்கள் எவரும் அந்தப் பெயரை வைக்கவில்லை. 1894-இல் அங்கே மனைகள் பிரித்து விற்ற நில உரிமையாளர் இரண்டாம் இபனேமாப் பிரபு; அந்தப் பட்டத்தின் பெயர், இரும்பாலை இருந்த சாவோ பாவுலோ மாநிலத்து இபனேமாவிலிருந்து வந்தது. மீன் அகப்படாதது அங்கே ஓர் ஆற்றில். பெயர் ஒட்டிக்கொண்டது இங்கே ஒரு கடற்கரையில்.

5. தமிழ்மூலம்:

இவ்வளவு பேசும் அறிஞர்கள் அடிப்படையைக் கவனிக்கவில்லையே! 'பரா' என்றால் கடல் என்கிறீர்கள். தமிழில் 'பரவை' என்றால் கடல். கடலில் வாழ்வோர் பரவர். குமரிக்கண்டத்திலிருந்து கிழக்கே சென்ற நம் மக்களே துப்பியர் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

6. சொல்லேர்:

தமிழ்மூலம் தம்பிக்கு: பரவை என்ற சொல்லை 'பரவு' என்ற வினையோடு சேர்த்து நாம் விளக்குகிறோம். துப்பியின் 'பரா'வை அதன் உறவுமொழிகளான குவாரனி முதலியவற்றோடு வைத்து விளக்குகிறார்கள். இரண்டு பக்கமும் வேர் வெவ்வேறு திசையில் போகிறது. நுனியில் இரண்டு எழுத்து ஒத்துப்போனதை வைத்து உறவு கொண்டாட முடியாது. ஆயிரக்கணக்கான சொற்களை உடைய எந்த இரண்டு மொழிகளை எடுத்தாலும் இப்படி ஐந்தாறு சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகும். எண்கள், உறுப்புப் பெயர்கள், வினைமுற்றுகள் ஆகியவற்றில் முறையான ஒலி ஒப்புமையைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

துப்பிக்கும் நமக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது குமரிக்கண்டத்தின் வழியாக வரவில்லை, போர்த்துகீசியக் கப்பலின் வழியாக வந்தது. நாம் உண்ணும் அன்னாசிப் பழத்தின் பெயர் அது. துப்பி, குவாரனி மொழிகளின் 'நனா', போர்த்துகீசியத்தில் 'அனனாஸ்' ஆகி, தமிழில் அன்னாசி ஆனது. வேடிக்கை என்னவென்றால், பிரேசிலில் இன்று அந்தப் பழத்துக்குப் பெருவழக்கான பெயர் 'அபகஷி'; அதுவும் துப்பி, மணம் வீசும் பழம் என்று பொருள். முந்திரிப் பருப்பின் கதை இன்னும் சுவையானது. துப்பியின் 'அக்கஜு', போர்த்துகீசியத்தில் 'கஜு' ஆயிற்று. மலையாளத்தில் கசுவண்டி, இந்தியில் காஜு, சிங்களத்தில் கஜு. தமிழ் மட்டும் அந்தப் பெயரை வாங்காமல், திராட்சைக்கு வழங்கிவந்த முந்திரி என்ற பழைய சொல்லைப் புதிய மரத்துக்குக் கொடுத்துவிட்டது. இலங்கைத் தமிழில் முந்திரிகை என்றால் இன்றும் திராட்சை. முந்திரிப் பருப்பை அங்கே கஜு என்கிறார்கள். தமிழ்நாட்டு இனிப்புக் கடைகளில் காஜு கத்லி வாங்குவோரும் அறியாமல் துப்பிச் சொல் பேசுகிறார்கள்.

கொய்யாவையும் பப்பாளியையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். அவை அமெரிக்காவிலிருந்து வந்தவையே என்றாலும், அப்பெயர்களின் வேர் கரீபியன் தீவுகளின் பக்கம் இருக்கிறது.

7. நீர்வழி:

சொல்லேர் ஐயாவுக்கு நன்றி. பழுவூரானுக்கு என் விடை இது.

பெயர் வைத்தவன் யார் என்பது ஒரு கேள்வி. பெயருக்குள் இருக்கும் அறிவு யாருடையது என்பது வேறொரு கேள்வி. துப்பியில் பெயர்ச்சொல்லுக்கும் காலம் உண்டு. வினைக்கு மட்டுமே காலம் காட்டிப் பழகிய நமக்கு இது புதுமை. 'புவேரா' என்ற ஒட்டைச் சேர்த்தால், முன்பு அதுவாக இருந்து இப்போது அப்படி இல்லாதது என்று பொருள். 'தபா' என்றால் ஊர்; 'தபேரா' என்றால் ஊராக இருந்து பாழானது, பாழூர். 'கஆ' என்றால் காடு. 'கப்புவேரா' அல்லது இன்றைய வடிவில் 'கப்போயெய்ரா' என்றால் காடாக இருந்து வெட்டப்பட்டு மீண்டும் புதர் மண்டிய நிலம். சாவோ பாவுலோவின் புகழ்பெற்ற இபிராப்புவேராப் பூங்கா, 'மரமாக இருந்தது', அதாவது பட்டுப்போன மரம். பிரேசில் உழவர் இன்றும் தரிசு வகைகளைப் பிரித்துச் சொல்லும்போது இந்தக் காலம் காட்டும் ஒட்டைத்தான் கையாளுகிறார்கள். வெட்டி, எரித்து, பயிரிட்டு, சில ஆண்டுகள் விட்டுவிடும் உழவு முறை தெரிந்தவனின் மொழியில்தான் 'காடாக இருந்தது' என்பதற்குத் தனிச்சொல் தேவைப்படும். வடகிழக்கின் வறண்ட நிலத்துக்குக் 'கஆதிங்கா', வெண்காடு, என்று பெயர். கோடையில் இலையுதிர்ந்து மரங்கள் வெளுத்து நிற்பதைப் பார்த்தவன் வைத்த பெயர் அது.

'அபா' என்று முடியும் பெயர்களையும் பாருங்கள். பிந்தமொஞ்ஞங்காபா: தூண்டில்முள் செய்யும் இடம். பிராசிகாபா: மீன் வந்து சேரும் இடம். பரனாப்பியகாபா: கடல் கண்ணில் படும் இடம். மலைச்சரிவின் விளிம்பில் இருக்கும் அந்தக் கடைசி ஊரில் பெரும்பாலான நாட்களில் மூடுபனிதான் கண்ணில் படுகிறது என்பது வேறு. படைவீரன் சுமந்துசென்றாலும் சரி, பிரபு சுமந்துசென்றாலும் சரி, சுமை என்னவோ துப்பியருடையதுதான்.

8. பழுவூரான்:

அறிவு யாருடையது என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அந்த அறிவைப் பெயருக்குள் படிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, நாமே அதை உள்ளே வைத்துவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ரியோ நகரத்தாரைக் குறிக்கும் 'கரியோக்கா' என்ற சொல்லையே பாருங்கள். ஒருவர் வெள்ளையர் வீடு என்கிறார். மற்றொருவர் கரிஜோ இனத்தார் வீடு என்கிறார். இன்னொருவர் அக்கரி மீனின் வளை என்கிறார். மூன்றிலும் 'ஓக்கா', வீடு, மட்டும் உறுதி. உபத்துபா என்ற கடலோர ஊர் 'ஓடங்கள் மிகுந்த இடம்' என்பதா, 'அம்பு செய்யும் நாணல் மிகுந்த இடம்' என்பதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 'துபா' மிகுதியைக் குறிப்பது மட்டும் தெளிவு. கொப்பகபானாவைத் துப்பி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பொலிவியாவின் தித்திக்காக்கா ஏரிக்கரை ஊரின் பெயர், அங்கிருந்து வந்த மாதா உருவத்துக்குக் கட்டிய சிற்றாலயத்தின் வழியாக ரியோவுக்கு வந்தது. உபெராபாவுக்கு அருகிலுள்ள உபெர்லாந்தியாவில் உங்கள் 'மின்னும் நீர்' இருப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். உபெராபிஞ்ஞா என்ற பழைய பெயரை மாற்றி 1929-இல் இட்ட பெயர் அது. 'உபெர்' என்பதற்கு வளமிக்க என்று இலத்தீன் பொருளே சொல்லப்படுகிறது. ஒலி மட்டும் அண்டை ஊரோடு ஒத்துப்போகிறது.

ஆகவே இலக்கணத்தை முன்வைத்தே பொருள் சொல்லவேண்டும். துப்பியில் அடை பெயருக்குப் பின்னால் வரும்: இதா-உனா, கல்-கரியது. உடைமைப்பொருளோ நம்மைப் போலவே முன்னால் வரும். இந்த வரிசைக்கு மாறாகப் பொருள் சொல்லும் எந்த விளக்கத்தையும் நான் முதலிலேயே தள்ளிவைத்துவிடுவேன்.

அத்துடன், குடியேறிகளும் பாதிரியார்களும் பேசிய, 'பொதுமொழி' என்று அழைக்கப்பட்ட கலவைத் துப்பியை முழுமையாக மண்ணின் மொழி என்று கொள்வதிலும் தடை இருக்கிறது. இயேசு சபைப் பாதிரியார் ஜோசே தெ அன்சியேட்டா எழுதி 1595-இல் போர்த்துகலின் கோயிம்பிராவில் அச்சான இலக்கணத்தின் தலைப்பே அதைக் கடற்கரையில் மிகுதியாக வழங்கும் மொழி என்கிறது. பாதிரியார்கள் அதைப் பல இனத்தாருக்கும் கற்பித்துப் பரப்பினார்கள். 1757-இல் போர்த்துகீசிய அமைச்சர் பொம்பாலின் ஆட்சி பிறப்பித்த ஆணை, போர்த்துகீசியத்தைக் கட்டாயமாக்கியபோது, பொதுமொழியை 'உண்மையிலேயே வெறுக்கத்தக்க, பேய்த்தனமான கண்டுபிடிப்பு' என்று வசைபாடியது. வசையை விடுங்கள், 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

9. கயல்:

பேய்த்தனம் என்றவரின் வாயிலிருந்து 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்வது நியாயமா, ஐயா? தான் ஒழிக்க நினைத்த மொழியை 'இது இயற்கையான மொழியே அன்று' என்று சொல்வது எல்லா ஆட்சிகளும் கையாண்ட வழிதான். இதே வரிசையில் இன்னொருவர், 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசிய எழுத்தாளர் கந்தாவோ, துப்பியில் ஃபகரம், லகரம், வன்மையான ரகரம் மூன்றும் இல்லாததைக் கண்டு, ஆகவே இவர்களுக்கு ஃபெ (நம்பிக்கை), லெய் (சட்டம்), ரெய் (அரசன்) மூன்றும் இல்லை என்று எழுதினார். எழுத்துக் குறைவை வைத்து ஓர் இனத்தையே அளந்த இந்த வாதத்தைக் கேட்டு நாம் சிரிக்கலாம். எழுதியவர் அதைத் தெளிந்த சான்றாகவே கருதினார்.

பொதுமொழி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். அமேசானில் அது ஞேங்காத்து என்ற பெயரில் வாழ்கிறது. நல்ல மொழி என்று பொருள். (அந்த முதல் எழுத்தை எழுதப் போர்த்துகீசியத்தில் இரண்டு எழுத்து வேண்டும், தமிழில் ஒரு ஞகரம் போதும்.) மேல் ரியோ நெக்ரோப் பகுதியில் பாரே மக்கள் முன்பு பேசியது அரவாக்குக் குடும்ப மொழி. அதை இழந்து ஞேங்காத்துவைப் பெற்றார்கள். உங்கள் கணக்கில் இது பறிகொடுத்த கதை. நான் அதை மறுக்கமாட்டேன். ஆனால் இன்று அவர்கள் ஞேங்காத்துவைத் தங்கள் மொழி என்றே உரிமை கொண்டாடுகிறார்கள். 2002-இல் சாவோ கப்ரியேல் தா கஷுவேய்ரா நகராட்சி துக்கானோ, பனிவா ஆகிய மொழிகளோடு ஞேங்காத்துவையும் ஆட்சிமொழி ஆக்கியது; 2023-இல் நாட்டின் அரசமைப்புச் சட்டம் அம்மொழியில் வெளிவந்தது. பாதிரியார் பரப்பிய மொழி, பள்ளியில் அடிவாங்கித் தந்த மொழி, பின்னர் உரிமைக்காக எழுந்து நிற்கும் மொழி: மூன்றும் ஒன்றே. எந்த ஆண்டில் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் அதன் மீது தீர்ப்பு எழுதமுடியாது.

துப்பியர் தம் கையாலேயே எழுதிய ஆவணமும் இருக்கிறது, நீர்வழி; அது நிலப்படம் அன்று. ஒல்லாந்தருக்கும் போர்த்துகீசியருக்கும் வடகிழக்கில் போர் நடந்த 1645-இல், பொத்திகுவாரா இனத்தலைவர்கள் இரு பக்கமும் நின்று ஒருவருக்கொருவர் துப்பியில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பெலிப்பே கமராவோ போர்த்துகீசியர் பக்கம்; உறவினர் பெத்ரோ பொத்தி ஒல்லாந்தர் பக்கம். அந்தக் கடிதங்கள் ஹேக் நகரத்தில் காக்கப்பட்டுள்ளன. பழந்துப்பி அகராதியை 2013-இல் வெளியிட்ட எதுவார்தோ நவாரோ அவற்றைப் போர்த்துகீசியத்தில் பெயர்த்திருக்கிறார். பரைபா மாநிலத்துப் பொத்திகுவாராப் பள்ளிகளில் இன்று பிள்ளைகளுக்குப் பழந்துப்பி கற்பிக்கப்படுகிறது.

10. நீர்வழி:

என் பட்டியலை மாற்றி அமைக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் அடுக்கில், துப்பியர் வாழ்ந்த நிலத்தில் அவர்கள் வாயிலிருந்தே பதிவான பெயர்கள்: செர்ஜிபே, பிராத்தினிங்கா போன்றவை. இரண்டாம் அடுக்கில், படையணிகளும் பாதிரியார்களும் சுமந்துசென்ற பெயர்கள்: இபித்துருனாவை அங்கே வைக்கிறேன். மூன்றாவது, பட்டங்களும் மனை விற்பனையும் அரசாணைகளும் தந்தவை: வோத்துப்பொரங்காவும் ரியோவின் இபனேமாவும். சாவோ பாவுலோ மாநிலத்து இபனேமா முதல் அடுக்கிலேயே இருக்கட்டும். ஆனால் இரண்டாம் அடுக்கை 'வந்தேறிகளின் பெயர்கள்' என்று தலைப்பிட நான் ஒப்பவில்லை, பழுவூரான். கயல் சொன்ன அந்தத் தாய்க்கு அதில் பங்கு உண்டு.

11. பழுவூரான்:

தலைப்பை உங்கள் விருப்பப்படியே விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முதலில் பதிவான ஆண்டையும் பதிந்தவர் யார் என்பதையும் எழுதினால் போதும். ஆனால் நான்காவது அடுக்கு ஒன்று வேண்டும்: நிலப்படத்தில் ஏறாமலே போன பெயர்கள். அதில் முதலாவதாக வத்துவை எழுதுங்கள்.

12. கயல்:

இரண்டாவதாகச் 'சகோப்பெனபான்' என்பதை எழுதிக்கொள்ளுங்கள். சோகோ என்னும் கொக்கினப் பறவையின் பெயரைக் கொண்ட அந்தத் துப்பிப் பெயர்தான், தித்திக்காக்காவிலிருந்து மாதா வருவதற்கு முன் கொப்பகபானாவுக்கு வழங்கியது. உங்கள் நான்காவது அடுக்கில் துப்பிக்கும் இடம் ஒதுக்கவேண்டியிருக்கும், ஐயா.